மிகயீல் ஸ்வெட்

நிலக்கரிச் சுரங்கத்தில் கசியும் மீத்தேன் வாயுவிற்கு நிறமில்லை, மணமுமில்லை. அதனோடு ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன் முதலிய ஹைட்ரோகார்பன் வாயுக்களும் கலந்திருப்பின், எது எவ்வளவு உளது என்பதைப் புலன்களால் அறிதல் இயலாது. அவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் முறைக்கு வாயு வண்ணப்பிரிகை என்று பெயர். நிறமற்ற பொருளைப் பிரிக்கும் முறையின் பெயரில் வண்ணம் புகுந்தது எவ்வாறு? மிகயீல் ஸ்வெட் என்னும் உருசியத் தாவரவியல் அறிஞரின் வாழ்க்கை அதனை விளக்கும்.

ஸ்வெட் 1872ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் இத்தாலி நாட்டு ஆஸ்தி நகரில் பிறந்தார். தந்தையார் உருசியர், தாயார் இத்தாலியர். பிறந்த சின்னாளில் தாயை இழந்த அக்குழந்தை சுவிட்சர்லாந்தில் வளர்ந்தது. 1896இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற ஸ்வெட், தந்தையாரின் நாட்டிற்குச் சென்றார். ஆனால் அயல்நாட்டுப் பட்டம் அங்குச் செல்லவில்லை. கரை கண்ட கல்வியைக் கால்கோளிலிருந்து மீண்டும் தொடங்குவதினும் கசப்பானது ஒன்றுண்டோ? அவர் சோர்ந்திலர். 1901இல் கசான் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அந்நாளில் உருசிய ஆட்சிக்குட்பட்டிருந்த வார்சா நகரில் பணி ஏற்றார்.

இலையின் பச்சை நிறம் ஒரே பொருளால் ஆயதா, பல பொருள்களால் ஆயதா என்பதே அவர் ஆராய்ந்த வினா. ஒடுங்கிய கண்ணாடிக் குழாயொன்றில் சுண்ணாம்புக்கல்லின் நுண்தூளை இறுக அடைத்தார். இலைச்சாற்றைப் பெட்ரோலிய ஈதரில் கரைத்து மேலே ஊற்றினார். பின்னர்த் தூய ஈதரைத் தொடர்ந்து வார்த்தார். சாற்றிலுள்ள பொருள்களுள் சில தூளை இறுகப் பற்றி மெல்ல நகர்ந்தன. சில பற்று விட்டு விரைந்து இறங்கின. வெண்ணிறத் தூளின்மீது பச்சையும் மஞ்சளுமாக வளையங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தோன்றின! ஆரஞ்சு நிறக் கரோட்டின் எங்கும் நில்லாது முதலில் வெளியேறிற்று. பச்சையம் ஒன்றன்று, இரண்டு என்பதும் தெளிவாயிற்று.

1903ஆம் ஆண்டு மார்ச்சு 21ஆம் நாள் வார்சாவில் இம்முறையை அவர் அறிஞர்முன் விளக்கினார். 1906இல் அதற்குக் குரோமட்டோகிராபி எனப் பெயரிட்டார். வண்ண எழுத்து என்பது அக்கிரேக்கச் சொற்களின் பொருள். உருசிய மொழியில் ஸ்வெட் என்றாலும் வண்ணம் என்றே பொருள். தம் பெயரை அதனுள் ஒளித்து வைத்தாரோ, என்னவோ!

உலகம் அதனைப் போற்றவில்லை. பச்சைய ஆராய்ச்சியில் பெரும்புகழ் பெற்ற ஜெர்மானிய வேதியியலார் வில்ஸ்டேட்டர், குழாயில் நிறப்பொருள்கள் சிதைவுறும் எனக் கருதினார். ஒரு தாவரவியலார் வேதியியலார்க்கு வழிகாட்டுவதா என்ற எண்ணமும் சிலரிடம் இருந்திருக்கலாம். 1910இல் ஸ்வெட் எழுதிய பெருநூல் உருசிய மொழியில் வெளிவந்தமையால் மேலைநாட்டார் பலர்க்கு எட்டவில்லை.

பின்னர் உலகப்போர் மூண்டது. 1915இல் ஜெர்மானியப் படை வார்சாவைக் கைப்பற்றவே, ஸ்வெட் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தார். 1917இல் யூரியேவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அந்நகரும் மறு ஆண்டே ஜெர்மானியர் வசமாயிற்று. நோயுற்ற உடலோடு வொரோனேஷ் நகரை அடைந்த அவர், 1919ஆம் ஆண்டு சூன் 26ஆம் நாள், தம் 47ஆம் வயதில் உயிர் நீத்தார்.

1931இல் ஹைடல்பர்க்கு நகரில் ரிச்சர்டு கூன் முதலியோர் அவருடைய முறையைக் கையாண்டு, கரோட்டினே இருவகைப்படும் எனக் காட்டினர். அதன்பின் அம்முறை எங்கும் பரவிற்று. 1952இல் இங்கிலாந்தில் ஜேம்சு, மார்ட்டின் என்னும் இருவர், ஈதருக்கு மாற்றாக வாயுவையே குழாயினூடே செலுத்தினர். இன்றும் ஆய்வுக்கூடங்களில் ஹீலியமோ நைட்ரஜனோ ஹைட்ரோகார்பன் கலவையைச் சுமந்து நீண்ட மெல்லிய குழாயினுள் செல்கிறது. பொதுவாக மீத்தேன் முதலில் வெளிப்படும். ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன் ஆகியன முறையே பின்தொடரும். குழாயின் வாயிலில் எரியும் ஹைட்ரஜன் சுடரில் ஒவ்வொன்றும் எரியுங்கால் சிறு மின்னோட்டம் எழும். அதனைக் கருவி ஒரு மேடாக வரைந்து காட்டும். ஸ்வெட் கண்ட வண்ண வளையங்கள் இருந்த இடத்தில் இன்று அம்மேடுகள் நிற்கின்றன.