உடைந்த கையோடு களம் இறங்கினார்! ஊட்டியில் பிறந்த கிரிக்கெட் வீரரின் கதை

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது காளப்பநாயக்கன்பட்டி. சாயங்காலம் ஆனால் போதும், அறுப்பு முடிந்த வயலில் பையன்கள் கூடிவிடுவார்கள். தென்னை மட்டையைச் செதுக்கினால் அதுதான் பேட். மூன்று குச்சியை நட்டால் அதுதான் ஸ்டம்ப். மலையின் நிழல் வயல் முழுவதும் விழுந்து பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரையில் ஆட்டம்தான்.

இப்படித்தான் ஒரு மலையில் பந்து விளையாடப் பழகியது ஒரு குழந்தை. பிற்காலத்தில் அது இங்கிலாந்து கோஷ்டிக்கே காப்டன் ஆனது. அந்த மலை கொல்லிமலை அல்ல, மேற்கே உள்ள நீலகிரி. அந்தக் குழந்தையின் பெயர் மைக்கேல் காலின் கௌட்ரி.

பெயரிலேயே கிரிக்கெட்

கௌட்ரி 1932-ஆம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி ஊட்டியில் பிறந்தார். அவர் பிறந்தது பெங்களூரில் என்று பல புத்தகங்களில் அச்சாகி இருக்கிறது. அது தவறு.

தந்தை எர்னஸ்ட் கௌட்ரி தேயிலைத் தோட்டம் நடத்தியவர். அவருக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். 1926-27-ல் இங்கிலாந்திலிருந்து ஒரு கோஷ்டி இந்தியாவுக்கு வந்தது. ஐரோப்பியர் கோஷ்டியில் சேர்ந்து அதை எதிர்த்து ஆடி, 48 ரன் எடுத்தார் எர்னஸ்ட். ஆனால் பெரிய ஆட்டக்காரர் ஆகும் பாக்கியம் அவருக்கு வாய்க்கவில்லை. தனக்குக் கிட்டாதது மகனுக்குக் கிட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

லண்டனில் மெரில்போன் கிரிக்கெட் கிளப் என்று ஒரு சங்கம் உண்டு. சுருக்கமாக எம்.சி.சி. என்பார்கள். புகழ்பெற்ற லார்ட்ஸ் மைதானம் அதற்குச் சொந்தம். மகனுடைய பெயரின் முதலெழுத்துகளும் எம்.சி.சி. என்று வரும்படியே பெயர் வைத்துவிட்டார் தந்தை! நடை பழகிய வயதிலேயே கையில் பேட்டும் கொடுத்தார். தந்தையும் தோட்டத்து வேலையாட்களும் பந்து போட, குழந்தை அடித்து விளையாடியது.

ஏழு வருஷப் பிரிவு

1938-ல் பையனுக்கு வயது ஐந்து. இங்கிலாந்துக்கு அழைத்துப்போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரக் குடும்பங்களில் அதுதான் வழக்கம்.

அடுத்த வருஷம் யுத்தம் மூண்டது. கடல் பிரயாணம் ஆபத்தாயிற்று. பெற்றோர் ஒரு கண்டத்தில், பிள்ளை ஒரு கண்டத்தில். விடுமுறை வந்தால் மற்றப் பிள்ளைகள் தாயிடம் ஓடுவார்கள். இந்தப் பையனோ உறவினர் வீட்டுக்குப் போவான். மறுபடி தாய் தந்தை முகத்தை அவன் பார்த்தது 1945 டிசம்பரில்தான்! ஐந்து வயதில் விட்டுப்போன குழந்தை, 13 வயதை எட்டப்போகும் பையனாக எதிரே நின்றான்.

அந்தத் தனிமையில் அவனுக்குத் துணை கிரிக்கெட்தான். ஒரு நாள் பள்ளி ஆட்டத்தில் செஞ்சுரி போட்டுவிட்டதாகக் குதித்தான். கணக்குப் புத்தகத்தைச் சரிபார்த்தால் 93 ரன்தான் இருந்தது. ஏமாந்து போனான். ஆனால் அந்நாளைய மகா ஆட்டக்காரரான ஜாக் ஹாப்ஸிடமிருந்து அவனுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அவன் டன்பிரிட்ஜ் பள்ளியில் சேர்ந்தான். அந்தப் பள்ளிக்காக லார்ட்ஸ் மைதானத்தில் ஆடினான். வயது 13! முதலில் 75 ரன், பிறகு 44 ரன், அதோடு 8 விக்கெட். அவன் கட்சி 2 ரன் வித்தியாசத்தில் வென்றது.

17-வது வயதில் கெண்ட் கவுண்டி கோஷ்டியில் இடம் கிடைத்தது. கவுண்டி என்றால் நம் ஊர் ஜில்லா போல. ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையிலும் படித்தார், அங்கும் காப்டன் ஆனார்.

கண்ணீரில் முதல் செஞ்சுரி

1954-ல் ஆஸ்திரேலியா செல்லும் இங்கிலாந்து கோஷ்டிக்குக் கௌட்ரியைத் தேர்ந்தெடுத்தார்கள். தந்தையின் கனவு பலித்தது. ஆனால் மகனுடைய பெரிய ஆட்டத்தைக் காண அவர் இருக்கவில்லை. கப்பல் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் தந்தை காலமானார் என்ற செய்தி வந்தது. ஏழு வருஷம் பிரிந்திருந்து, கிடைத்த தந்தையையும் இழந்தார் 21 வயது வாலிபர்.

அவர் ஊருக்குத் திரும்பவில்லை. நியூ சவுத் வேல்ஸ் கோஷ்டியை எதிர்த்து இரண்டு இன்னிங்ஸிலும் செஞ்சுரி அடித்தார். பிறகு மெல்போர்னில் டெஸ்ட் ஆட்டம். மற்றவர்கள் மளமளவென்று சாய்ந்தார்கள். இங்கிலாந்து எடுத்த மொத்த ரன் 191. அதில் 102 கௌட்ரி எடுத்தது! டெஸ்டில் அவருடைய முதல் செஞ்சுரி அது. அந்த ஆட்டத்திலும், கடைசியில் பந்தயத் தொடரிலும் இங்கிலாந்தே வென்றது.

கௌட்ரி கொஞ்சம் பருத்த உடம்புக்காரர். ஆனால் பந்தைப் பலம் கொண்டு அடிக்கமாட்டார். பதமான நேரத்தில் பேட்டைக் காட்டுவார், பந்து எல்லைக் கோட்டுக்கு ஓடும்.

1957-ல் அவரிடம் வேறொரு ஆட்டத்தைப் பார்த்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் ராமதீன், இந்திய வம்சாவளியினர். அவருடைய பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது யாருக்கும் புரியவில்லை. முதல் இன்னிங்ஸில் 7 விக்கெட்டைச் சாய்த்துவிட்டார். 288 ரன் பின்தங்கிய நிலையில் பீட்டர் மேயும் கௌட்ரியும் சேர்ந்து நின்றார்கள். புரியாத பந்தைக் காலில் கட்டிய பேடால் தடுத்தார்கள். ராமதீன் அந்த ஒரு இன்னிங்ஸில் 98 ஓவர் வீசிச் சலித்தார். இருவரும் சேர்ந்து எடுத்தது 411 ரன். அது அழகான ஆட்டமல்ல, பந்து வீசியவருக்கு நியாயமான ஆட்டமும் அல்ல. ஆனாலும் தோல்வி தப்பியது.

இரண்டே பந்து பாக்கி

1963 ஜூன். லார்ட்ஸ் மைதானம். மறுபடி மேற்கிந்தியத் தீவுகள். வெற்றிக்கு இங்கிலாந்துக்கு 234 ரன் தேவை. நெட்டையான வெஸ் ஹால் புயல் போல் ஓடிவந்து வீசிய பந்து ஒன்று கௌட்ரியின் இடது முன்கையில் தாக்கியது. எலும்பு முறிந்தது! 19 ரன்னோடு வெளியேறினார். கையில் மாவுக்கட்டுப் போட்டார்கள்.

மறுநாள் கடைசி நாள். ஆட்டம் இங்கும் அங்கும் ஊசலாடியது. கடைசி ஓவருக்கு 8 ரன் வேண்டியிருந்தது. இரண்டு பந்து பாக்கி இருக்கும்போது ஒன்பதாவது ஆள் ரன் அவுட். வெற்றிக்கு இன்னும் 6 ரன் தேவை. இனி யார் வருவது?

மாவுக்கட்டுக் கையோடு மாடிப்படி இறங்கி வந்தார் கௌட்ரி. மைதானமே எழுந்து நின்றது. தம்மிடம் பந்து வந்தால், இடதுகைக்காரர் போல் திரும்பி நின்று, வலது கையால் மட்டும் பேட்டைப் பிடித்து ஆடுவது என்று தீர்மானித்திருந்தார். எதிர்முனையில் இருந்த டேவிட் ஆலன் அந்த இரண்டு பந்தையும் தடுத்துவிட்டார். ஆட்டம் சமமாக முடிந்தது. கௌட்ரி ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை. அந்த இரண்டு பந்தைத்தான் இன்றும் பேசுகிறார்கள்.

சென்னைக்கு வரவில்லை

அந்தக் கை முறிவால் பிறந்த நாட்டுக்குக் காப்டனாக வரும் வாய்ப்பு போயிற்று. 1964 ஜனவரியில் இங்கிலாந்து கோஷ்டி சென்னையில் டெஸ்ட் ஆடியபோது அவர் இல்லை. கோஷ்டியில் பலர் படுத்துவிடவே, பிற்பாடு அவருக்கு ஆள் அனுப்பினார்கள். வந்தார், கல்கத்தாவில் 107, டில்லியில் 151 அடித்தார்.

1968-ல் உலகிலேயே 100 டெஸ்ட் ஆடிய முதல் மனிதர் ஆனார். அந்த ஆட்டத்திலும் செஞ்சுரி! காலில் பிடிப்பு ஏற்பட்டதால் அவருக்காக வேறொருவர் ஓடினார்.

அதே வருஷம் ஒரு களங்கமும் சேர்ந்தது. கறுப்பர்களை ஒதுக்கி வைத்திருந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து, இங்கிலாந்துக்கு ஆடியவர் பசில் டி'ஒலிவேரா. கடைசி டெஸ்டில் 158 ரன் குவித்தார். ஆனாலும் தென்னாப்பிரிக்கா போகும் கோஷ்டியில் முதலில் அவரை விட்டுவிட்டார்கள். காப்டன் கௌட்ரி. உறுதியாக நின்று வாதாட வேண்டிய இடத்தில் அவர் நிற்கவில்லை என்றே பலரும் கருதினார்கள். பந்தைக் கண்டு அஞ்சாதவர், முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் தயங்குவார். பின்னர் வேறொருவர் விலக, டி'ஒலிவேராவைச் சேர்த்தார்கள். தென்னாப்பிரிக்க அரசு மறுத்தது. பயணமே ரத்தாயிற்று.

1970-ல், 57 வருஷத்துக்குப் பிறகு கெண்டுக்குக் கவுண்டி பட்டத்தை வாங்கித் தந்தார்.

1974 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் லில்லி, தாம்சன் வேகத்தில் இங்கிலாந்து வீரர்களின் கைகள் உடைந்தன. தந்தி போல் அழைப்பு வந்தது, 42 வயதை எட்டப்போகும் கௌட்ரிக்கு! விமானம் ஏறிப் போய்ச் சில நாளில் களத்தில் நின்றார். தம்மை நோக்கி இடிபோல் வீசும் தாம்சனிடம் போய், மரியாதையாகத் தம் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டாராம். 22, 41 ரன் எடுத்தார்.

ஆக 114 டெஸ்ட், 7,624 ரன், 22 செஞ்சுரி, 120 காட்ச். 1992-ல் சர் பட்டம், 1997-ல் பிரபு பட்டம். எம்.சி.சி. தலைவராகவும் இருந்தார்; தந்தை வைத்த பெயர் வீண் போகவில்லை. 2000 டிசம்பர் 4-ந் தேதி, 67-வது வயதில் இறந்தார்.

அவர் ஆடாத சென்னையில் அவர் மகன் ஆடினார். 1985 ஜனவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்து வென்ற டெஸ்டில் ஆடிய கிறிஸ் கௌட்ரி, ஊட்டியில் பிறந்த காலினின் மூத்த பிள்ளை.