புவியின் வளைவை அளந்த வில்லியம் லாம்டன்

நுழையுமுன்

ஒரு பந்தின்மீது தாளைச் சுற்றிப் பாருங்கள். தாள் மடியும், சுருங்கும், எங்கேனும் கிழியும். சாத்துக்குடியின் தோலை உரித்து மேசைமீது அழுத்திப் பரப்பினாலும் ஓரங்கள் வெடித்துப் பிளக்கும். வளைந்த பரப்பு, தட்டையான பரப்பாக மாறுவதற்கு இணங்குவதில்லை. நாம் வாழும் புவியும் ஏறத்தாழ ஒரு கோளமே. எனில், நம் நிலப்பட நூலில் இந்தியா ஒரு தட்டையான பக்கத்தில் அடங்கியது எவ்வாறு? கோளத்தைத் தாளுக்குக் கொண்டுவர வேண்டுமாயின், அது எவ்வளவு வளைந்துள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். நம் நாட்டில் அந்த அளவைப் பணியைத் தொடங்கி, அதற்கெனத் தம் வாழ்நாளின் பிற்பகுதி முழுவதையும் செலவிட்ட ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் படைத்தொழிலும்

வில்லியம் லாம்டன் 1753ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தார். கணிதத்தில் அவருக்கு இயல்பாகவே நாட்டம் இருந்தது. எனினும், அவர் படைத்துறையில் சேர்ந்து, வட அமெரிக்காவில் பல ஆண்டுகள் பணியாற்றினார். பனி சூழ்ந்த அந்நாட்டில் கிடைத்த ஓய்வு நேரத்தை எல்லாம் அவர் கணித நூல்களோடும் வானியல் நூல்களோடும் கழித்தார். நடுத்தர வயதைக் கடந்த பின்னரே இந்தியாவுக்கு வந்தார்.

1799இல் நடந்த ஸ்ரீரங்கப்பட்டணப் போரின்போது, அவருடைய வானியல் அறிவு ஒரு படையைக் காத்தது. ஓரிரவு ஆங்கிலேயப் படைப்பிரிவு ஒன்று இருளில் நடந்துகொண்டிருந்தது. அது தவறான திசையில், திப்பு சுல்தானின் படையை நோக்கியே செல்கிறது என்பதை லாம்டன் விண்மீன்களின் நிலையைக் கண்டு உணர்ந்தார். தளபதி முதலில் நம்பவில்லை. பின்னர் அவர் கூறியதே சரியென உறுதியாயிற்று.

போர் முடிந்ததும் லாம்டன் ஒரு திட்டத்தை முன்வைத்தார். கிழக்குக் கடற்கரை முதல் மேற்குக் கடற்கரை வரை தென்னிந்தியாவைத் துல்லியமாக அளத்தல் வேண்டும். அத்துடன் புவியின் வடிவத்தையும் கணித்தல் வேண்டும் என்பதே அத்திட்டம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வரி தண்டவும் படை நடத்தவும் நல்ல நிலப்படங்கள் தேவைப்பட்டன. ஆதலால் அது இசைந்தது. ஆயினும், ஊர்களுக்குச் செல்லும் வழியைப் பல்லக்குத் தூக்குவோரே அறிவர். இதற்கு இவ்வளவு பெருஞ்செலவு எதற்கு என எள்ளி நகையாடிய அதிகாரிகளும் இருந்தனர். லாம்டனின் நாட்டமோ புவியின் வளைவிலேயே நிலைத்திருந்தது.

சங்கிலியும் வெயிலும்

1802 ஏப்ரல் 10ஆம் நாள், சென்னைக்குத் தெற்கே பரங்கிமலையின் அடிவாரத்தில் பணி தொடங்கியது. அங்கிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை அளக்க வேண்டும். இதற்கு அடிக்கோடு என்று பெயர். அளவுக்கருவி 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. இவ்வாறு 400 முறை சங்கிலியைக் கிடத்தினர். பணி முடிய 57 நாள்கள் ஆயின.

ஏழரை மைலுக்கு 57 நாள்களா என நீங்கள் வியக்கலாம். சித்திரை வெயிலில் எஃகு நீளும், நிழலில் சுருங்கும். சங்கிலி தரையில் கிடந்தால் மேடு பள்ளங்களுக்கு ஏற்ப வளையும். ஆகவே, மரப்பெட்டிகளை முக்காலிகளின்மீது மட்டமாக நிறுத்தி, அவற்றினுள் சங்கிலியைக் கிடத்தினர். அருகே வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்தனர். அளக்கும் சங்கிலி தேய்ந்து நீண்டதா என்பதைச் சரிபார்ப்பதற்காகவே மற்றொரு சங்கிலியைத் தனியே பாதுகாத்து வைத்தனர். தொடக்கத்தில் நேரும் சிறு பிழை, நூற்றுக்கணக்கான மைல் தொலைவுக்குப் பெருகிச் செல்லும் என்பதை லாம்டன் நன்கு அறிந்திருந்தார்.

முக்கோணங்களின் பயணம்

ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் கணித்துவிடலாம். அப்பக்கங்களின்மீது மேலும் முக்கோணங்களை அமைக்கலாம். இவ்வாறு முக்கோணங்களைக் கோத்துக்கொண்டே சென்றால், தரையில் மீண்டும் மீண்டும் சங்கிலியிட வேண்டியதில்லை. கோணங்களை அளந்தாலே போதும்.

கோணங்களை அளக்கும் பெரிய தியோடலைட்டு ஏறத்தாழ அரை டன் எடையுடையது. இலண்டனிலிருந்து அதனைக் கொண்டுவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி, மொரீசியசுக்குக் கொண்டுசென்றனர். அக்கருவி அறிவியலுக்கானது என அறிந்ததும், பகைவருடையது என்றும் பாராமல் சென்னைக்கே அனுப்பிவைத்தனர். அதனைத் தொழிலாளர்கள் தோளில் சுமந்து குன்றுகளின் உச்சிக்கு ஏற்றினர்.

சென்னையிலிருந்து மேற்கே நீண்ட முக்கோணங்கள், நம் சித்தூர்ச் சீமைக்கு அண்மையிலுள்ள மலைத்தொடரைக் கடந்து பெங்களூரை அடைந்தன. அங்கே 1804இல் மற்றோர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தனர். முக்கோணக் கணக்கு முன்னரே கூறிய நீளத்துக்கும் நேரில் அளந்த நீளத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு நான்கு அங்குலத்திற்கும் குறைவு. அடுத்துப் பணி மங்களூர்க் கடற்கரையைத் தொட்டது. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையிலுள்ள தொலைவு சுமார் 360 மைல் எனத் தெரிந்தது. அதுவரை புழக்கத்தில் இருந்த சிறந்த நிலப்படங்களே அதனை ஏறத்தாழ 40 மைல் மிகுத்துக் காட்டியிருந்தன.

180 பாகையை மிஞ்சும் முக்கோணம்

முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை வரும் எனக் கணித வகுப்பில் கற்றிருப்பீர்கள். அது தட்டையான தாளுக்குப் பொருந்தும். கோளத்தின்மீது வரையும் முக்கோணத்திலோ கூட்டுத்தொகை சற்று மிகும். இதற்குக் கோள மிகை என்று பெயர்.

திருப்பதி, சித்தூர், ஸ்ரீகாளஹஸ்தி ஆகிய மூன்று ஊர்களையும் இணைத்து ஒரு முக்கோணம் வரைவதாகக் கொள்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டர். புவியின்மீது சுமார் 197 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை வீதம் கோணம் மிகும். ஆகவே, நம் முக்கோணத்தின் கூட்டுத்தொகை 180 பாகையும் ஏறத்தாழ இரண்டரை விகலையும் ஆகும். ஒரு பாகையை 3600 கூறுகளாகப் பிரித்தால், அதில் ஒரு கூறே விகலை. இத்துணைச் சிறிய மிகையையும் லாம்டன் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டார். புவி உருண்டை என்பதற்கு, மலையுச்சிகளிடையே அளந்த கோணங்களே சான்று பகர்ந்தன.

தஞ்சைக் கோபுரத்தில் நேர்ந்த இடர்

சோழநாட்டுச் சமவெளியில் குன்றுகள் இல்லை. தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. ஆகவே, லாம்டன் கோயிற் கோபுரங்களை அளவை நிலையங்களாகக் கொண்டார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மீது தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினர். பாதி வழியில் ஒரு கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் பெரிய வட்டம் வளைந்து உருக்குலைந்தது.

புதிய கருவிக்குச் சொல்லியனுப்பினால் அது கடல் கடந்து வர நெடுங்காலம் ஆகும். லாம்டன் பிறர்மீது பழி சுமத்தி நிற்கவில்லை. தம் கூடாரத்தில் தேர்ந்த கைவினைஞர்களோடு மட்டும் அமர்ந்தார். ஆப்பு, திருகு, கப்பி ஆகியவற்றைக் கொண்டு வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்துப் பழைய வடிவத்துக்கு மீட்டார். ஆறு வாரங்களுக்குப் பின் அக்கருவி மீண்டும் வேலைக்கு வந்தது. அதன்பின் பல ஆண்டுகள் அது பயன்பட்டது.

கோளம் தாளுக்கு வருதல்

கன்னியாகுமரியின் அருகிலிருந்து வடக்கே பீதர் வரை, ஏறத்தாழ பத்துப் பாகை நீளமுள்ள ஒரு வில்லை லாம்டன் அளந்தார். விண்மீன்களை நோக்கி ஒவ்வோர் இடத்தின் அட்சத்தையும் கணித்தார். ஒரு பாகைக்கு நிலத்தில் எவ்வளவு தொலைவு என்பது இதனால் தெரியவந்தது. நம் பகுதியில் அது ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர், துருவங்களுக்கு அருகில் 111.7 கிலோமீட்டர். புவி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதே இவ்வேறுபாட்டின் காரணம்.

இந்த அளவுகள் கைக்கு வந்த பின்னரே, நிலப்படத்திற்கு உரிய கோட்டுச்சட்டத்தைச் செம்மையாக வரைய இயலும். கோட்டுச்சட்டம் என்பது, கோளத்தின் அட்சக்கோடுகளையும் தீர்க்கக்கோடுகளையும் கணித விதிப்படி தாளில் அமைக்கும் வலை. திருப்பதியின் அட்சத்தில் இரு தீர்க்கக்கோடுகளுக்கு இடையே ஒரு பாகைக்கு ஏறத்தாழ 108 கிலோமீட்டர் உண்டு. ஸ்ரீநகரின் அட்சத்தில் அது 92 கிலோமீட்டராகக் குறைகிறது. இரண்டையும் தாளில் ஒரே அகலத்தில் வரைந்தால், காஷ்மீர் உள்ளதைவிட அகன்று தோன்றும்.

கோளத்தை ஓர் உருளையால் சுற்றி, அதன்மீது கோடுகளைப் பதிப்பது ஒரு முறை. 1569இல் மெர்காட்டர் வரைந்த உலகப்படம் அவ்வகையைச் சார்ந்தது. அது திசையைச் சரியாகக் காட்டும். பரப்பை ஊதிப் பெருக்கும். இந்தியாவைவிடச் சிறிய கிரீன்லாந்து, அப்படத்தில் இந்தியாவைவிடப் பன்மடங்கு பெரிதாகத் தெரியும். கோளத்துக்குக் கூம்புவடிவக் குல்லாய் அணிவித்து, பின் அக்கூம்பை வெட்டி விரிப்பது மற்றொரு முறை. குல்லாய் தொடும் அட்சக்கோட்டில் அளவு சரியாக இருக்கும். விலக விலகப் பிழை கூடும். ஒவ்வோர் அட்சக்கோட்டுக்கும் ஒரு கூம்பைக் கருதுவது பல்கூம்பு முறை. இந்திய நில அளவைத்துறையின் நிலப்படத் தாள்கள் நெடுங்காலம் இம்முறையிலேயே வரையப்பட்டன.

வடிவம், பரப்பு, தொலைவு ஆகிய அனைத்தையும் ஒருங்கே காக்கும் தட்டையான படம் இல்லை. ஒன்றைக் காத்தால் மற்றொன்றை இழக்க வேண்டும். பிழையே இல்லாத நிலப்படத்தை எவராலும் தர இயலாது. பிழை எங்கே, எவ்வளவு என்று அறிந்து தருவதே நேர்மை. லாம்டன் சங்கிலியின் வெப்பத்தைக் குறித்ததும், இரண்டரை விகலையைப் புறக்கணியாததும் அந்நேர்மையின் வெளிப்பாடே.

இறுதி நாள்கள்

1818இல் இப்பணி மாபெரும் முக்கோண அளவை எனப் பெயர் பெற்றது. இலண்டன் ராயல் கழகம் லாம்டனைத் தன் உறுப்பினராக ஏற்றது. ஆனால், அவர் தாய்நாடு திரும்பவில்லை. எழுபது வயதை நெருங்கியபோதும் கூடாரங்களோடு வடக்கு நோக்கியே சென்றார். 1823 ஜனவரியில், இன்றைய மகாராட்டிரத்திலுள்ள ஹிங்கன்காட் என்னும் ஊரில் உயிர் நீத்தார். அவரது கல்லறை அங்கேயே உள்ளது.

அவர் தொடங்கிய வில்லை ஜார்ஜ் எவரெஸ்ட் இமயத்தின் அடிவாரம்வரை நீட்டினார். புவியின் வடிவத்திற்கு எவரெஸ்ட் 1830இல் கணித்த அளவுகளே நெடுங்காலம் இந்திய நிலப்படங்களுக்கு அடிப்படையாக விளங்கின. உலகின் மிக உயர்ந்த சிகரம் எவரெஸ்டின் பெயரைத் தாங்குகிறது. அடிக்கோடு இட்ட லாம்டனின் பெயரைத் தாங்கும் சிகரம் இல்லை. கொடி பிடித்தவர், சங்கிலி இழுத்தவர், கருவி சுமந்தவர், காட்டுக் காய்ச்சலுக்கு இரையானவர் எனப் பலருடைய பெயர்களோ ஏட்டிலும் இல்லை. நிலப்பட நூலைத் திறக்கும்போது அவர்களையும் நினைவிற் கொள்வோம்.

பயிற்சி

அ. சொற்பொருள் அறிக.
அடிக்கோடு – முதலில் நேரில் அளக்கப்படும் நேர்கோடு
வில் – வட்டத்தின் ஒரு பகுதி
விகலை – பாகையில் 3600இல் ஒரு கூறு
இடர் – துன்பம்

ஆ. பிரித்து எழுதுக.
1. முக்கோணம் 2. கோட்டுச்சட்டம் 3. நிலப்படம்

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. அடிக்கோட்டை அளக்க 57 நாள்கள் ஆனதற்குக் காரணம் யாது?
2. கோள மிகை என்றால் என்ன?
3. தஞ்சையில் கருவி பழுதுற்றபோது லாம்டன் என்ன செய்தார்?

ஈ. சிந்தித்து எழுதுக.
பிழையற்ற நிலப்படம் இல்லை எனில், நிலப்படத்தை நாம் நம்பலாமா? உம் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.

உ. செயல்பாடு
ஒரு பந்தின்மீது மூன்று புள்ளிகளை இட்டு, நூலை இழுத்துப் பிடித்து முக்கோணம் அமைக்க. அதன் கோணங்களை அளந்து கூட்டுக. விடையை வகுப்பில் ஒப்பிடுக.