அடிநாதம்: ஜேம்ஸ் ஜேமர்சன்

நுழையும்முன்

ஒரு பாடல் புகழ்பெறும்போது பாடியவரின் பெயர் ஊரெங்கும் பரவுகிறது. எழுதியவரும் இசையமைத்தவரும் அறியப்படுகின்றனர். ஒலிப்பதிவுக் கூடத்தில் கருவிகளை இசைத்து அப்பாடலுக்கு உயிரூட்டியவர்களோ பெரும்பாலும் அறியப்படுவதில்லை. பாட்டுக்கு இவ்வளவு எனக் கூலி பெற்று, அழைத்த இடத்தில் வாசித்துவிட்டுத் திரும்பும் கலைஞர்கள் அவர்கள். அவர்களுள் ஒருவர், தம் பெயர் எங்கும் அச்சேறாத நாள்களிலேயே உலக மக்களின் இசையுணர்வை மாற்றியமைத்தார். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தீவில் பிறந்தவர்

அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில், தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகருக்கு அருகே எடிஸ்டோ என்னும் தீவு உள்ளது. ஒரு காலத்தில் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் வாழ்ந்த மண் அது. அங்கே 1936ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 29ஆம் நாள் ஜேம்ஸ் ஜேமர்சன் பிறந்தார். கறுப்பின மக்களுக்குத் தனிப்பள்ளி, தனி இருக்கை என்று சட்டமே வேலியிட்டிருந்த காலம் அது.

அந்த வேலிக்குள்ளும் இசைக்குப் பஞ்சமிருக்கவில்லை. பாட்டி பியானோ வாசிப்பார். அத்தை தேவாலயப் பாடற்குழுவில் பாடுவார். இவ்விருவரின் நிழலில் வளர்ந்த சிறுவன் பியானோவை இளமையிலேயே கற்றுக்கொண்டான். குச்சி ஒன்றை எறும்புப் புற்றில் ஊன்றி, அதில் ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டி மீட்டுவானாம். அதிர்வில் எறும்புகள் ஓடுவதைக் கண்டு, அவை தன் இசைக்கு ஆடுவதாக மகிழ்வானாம். ஒற்றை நரம்பின் அதிர்வு மண்ணுக்குள் இறங்கிப் பிற உயிர்களை அசைக்கும் என்பதை அவன் கண்டது அந்த விளையாட்டில்தான்.

டெட்ராய்ட் நகரில்

வேலையும் மதிப்பும் தேடித் தென்மாநிலக் கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் வடக்கு நோக்கிப் பெயர்ந்துகொண்டிருந்தனர். அவர்களை ஈர்த்த நகரங்களுள் மகிழுந்துத் தொழிற்சாலைகள் நிறைந்த டெட்ராய்ட் முதன்மையானது. 1954இல் தாயுடன் ஜேமர்சனும் அங்கே குடியேறினார். நார்த்வெஸ்டர்ன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, ஆளுயரத்தையும் விஞ்சி நிற்கும் டபுள் பேஸ் என்னும் நரம்புக்கருவி அவர் கைக்கு வந்தது. பகலில் பள்ளி, இரவில் ஜாஸ் இசை அரங்குகள் என்று அவருடைய பயிற்சி தொடர்ந்தது. பள்ளிப் படிப்பு முடிவதற்குள், நம்பி அழைக்கத்தக்க இளங்கலைஞர் என்ற பெயரை நகரின் இசைக்குழுக்களிடையே பெற்றார்.

தெரிந்து தெளிவோம்

பேஸ் என்பது மேலைநாட்டு இசைக்குழுவில் மிகத் தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் கருவி. முரசு தாளத்தைக் காட்டும். கிட்டாரும் பியானோவும் சுரக்கூட்டுகளை ஒலிக்கும். இவ்விரண்டையும் பிணைப்பது பேஸ். கேட்போர் பெரும்பாலும் அதைத் தனியே கவனிப்பதில்லை. அதை நீக்கிவிட்டால் பாடல் தரையிழந்து மிதப்பதுபோல் தோன்றும்.

வீட்டுக்குள் ஓர் ஆலை

டெட்ராய்ட் மகிழுந்துத் தொழிற்சாலையில் முன்பு வேலைபார்த்த பெர்ரி கார்டி என்பவர், 1959இல் தம் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று இசைத்தட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் மோட்டவுன் என உலகப் புகழ் பெற்றது. மேற்கு கிராண்ட் பூல்வார் சாலையில் 2648ஆம் எண்ணுள்ள சிறிய வீடே அதன் நிலையம். ஒலிப்பதிவுக் கூடத்தின் மேற்கூரையிலிருந்து கம்பிவடங்கள் நெளிந்து தொங்கியதால் கலைஞர்கள் அதனைப் பாம்புக்குழி என்று அழைத்தனர்.

தொடக்க ஆண்டிலேயே ஜேமர்சன் அக்குழிக்குள் இறங்கினார். முரசுக் கலைஞர் பென்னி பெஞ்சமின், விசைப்பலகைக் கலைஞர் ஏர்ல் வான் டைக், கிட்டார் கலைஞர்கள் ராபர்ட் ஒயிட், எடி வில்லிஸ், ஜோ மெசினா முதலியோர் அவருடைய தோழர்கள். கறுப்பரும் வெள்ளையரும் தோளுரச அமர்ந்து வாசித்த அக்குழு, ஃபங்க் பிரதர்ஸ் எனப் பெயர் பெற்றது.

மகிழுந்து ஆலையில் உதிரிப்பாகங்கள் வரிசையாக நகர்ந்து முழு வண்டியாவதைப் போலவே அங்கே பாடல்கள் உருவாயின. எழுதுவோர் ஓர் அறையில், பாடுவோர் ஓர் அறையில், இசைப்போர் பாம்புக்குழியில். இசைக்கலைஞர்கள் ஒரே நாளில் பல பாடல்களுக்கு வாசித்தனர். பாடலாசிரியர் பெரும்பாலும் சுரக்கூட்டுகளைக் குறித்த ஒரு தாளை மட்டுமே நீட்டுவார். எந்தச் சுரத்தில் தொடங்குவது, எங்கே நிற்பது, எங்கே துள்ளுவது என்பவற்றை ஜேமர்சனே அந்த நொடியில் முடிவுசெய்தார்.

ஒற்றை விரல்

அதுவரை வெகுமக்கள் பாடல்களில் பேஸின் பணி எளியதாகவே இருந்தது. சுரக்கூட்டின் முதன்மையான ஓரிரு சுரங்களைத் தாளத்தோடு திரும்பத் திரும்ப ஒலித்தாலே போதும் எனக் கருதப்பட்டது. ஜாஸ் அரங்குகளில் பயின்ற ஜேமர்சன் அத்தோடு அமையவில்லை. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியில் இடைச்சுரங்களைத் தொட்டுச் சென்றார். தாளம் விழும் இடத்தில் மௌனம் காத்து, எதிர்பாராத இடத்தில் அடி வைத்தார். பாடகரின் குரல் மேலே ஒரு பாதையில் செல்ல, கீழே பேஸ் தனக்கென ஒரு பாதையில் நடந்தது. இரண்டும் முரணாமல் ஒன்றையொன்று தாங்கின.

1960களின் தொடக்கத்தில் அவர் டபுள் பேஸிலிருந்து மின் பேஸ் கிட்டாருக்கு மாறினார். பிறர் இரண்டு விரல்களால் மீட்டிய கருவியை, அவர் டபுள் பேஸில் பழகியபடி வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டினார். நண்பர்கள் அவ்விரலுக்குக் கொக்கி என்றே பெயரிட்டனர். அவருடைய 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் கிட்டாரில் தடித்த நரம்புகள் பூட்டப்பட்டிருந்தன. அவை அறுந்தாலன்றி அவற்றை மாற்றமாட்டார். பழகப் பழக அழுக்கேறி மழுங்கிய அந்நரம்புகளே தம் ஒலியைக் காப்பதாக அவர் நம்பினார்.

அவ்வொலியில்தான் டெம்ப்டேஷன்ஸ் குழுவின் மை கேர்ள், ஃபோர் டாப்ஸ் குழுவின் பெர்னடெட், சுப்ரீம்ஸ் குழுவின் யூ காண்ட் ஹரி லவ், இளைஞர் ஸ்டீவி வொண்டரின் ஐ வாஸ் மேட் டு லவ் ஹெர் போன்ற பாடல்கள் பிறந்தன. அமெரிக்க வெகுமக்கள் இசைவரிசையில் முதலிடம் பெற்ற பாடல்களுள் ஏறத்தாழ 30இல் அவருடைய பேஸ் ஒலிப்பதாகக் கணக்கிடுவர். ஒரே உணவகத்தில் சேர்ந்து அமர இயலாதிருந்த கறுப்பின, வெள்ளையின இளைஞர்கள் ஒரே பாடலுக்கு ஆடினர்.

கூலியும் புகழும்

பாடல் விற்கும்தோறும் எழுதியவருக்கு உரிமைத்தொகை கிடைக்கும். பாடகருக்கும் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. கூடத்தில் வாசித்த கலைஞருக்கோ வாசித்த அன்றைய கூலி மட்டுமே. அப்பாடல் ஆயிரம் பிரதி விற்றாலும் பத்து இலட்சம் பிரதி விற்றாலும் அதில் மாற்றமில்லை. எனவே, அக்கலைஞர்கள் இரவில் இசை அரங்குகளில் வாசித்தனர். ஓய்வு நாள்களில் பிற நிறுவனங்களின் ஒலிப்பதிவுகளுக்கும் சென்றனர். 1967இல் ஜாக்கி வில்சன் பாடிப் புகழ்பெற்ற ஹையர் அண்ட் ஹையர் என்னும் பாடலுக்காக, ஜேமர்சனும் தோழர்களும் டெட்ராய்ட்டிலிருந்து சிகாகோவுக்குச் சென்று வாசித்தனர். இத்தகைய வெளிவேலைகளை மோட்டவுன் விரும்பவில்லை. ஆயினும், அவரை இழக்கவும் அதற்கு மனமில்லை. 1968 அளவில் வாரத்துக்கு 1000 டாலர் என அவருக்கு நிலையான ஊதியம் அளித்தது. குடும்பம் வளமுற்றது.

ஊதியம் உயர்ந்த பின்பும் பெயர் வெளிவரவில்லை. மோட்டவுன் இசைத்தட்டுகளின் உறைகளில் பாடகரின் படம் இருக்கும். கருவி வாசித்தோர் பெயர்கள் இரா. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், பீட்டில்ஸ் குழுவின் பேஸ் கலைஞரான பால் மெக்கார்ட்னி அந்த இசைத்தட்டுகளை ஆர்வத்துடன் கேட்டுக் கற்றார். தாம் ஆசானாகக் கொண்ட அந்தக் கலைஞரின் பெயர்கூட அப்போது அவருக்குத் தெரியாது.

பெயர் அச்சேறிய நாள்

வியட்நாம் போரும் நகர்ப்புற வன்முறையும் அமெரிக்காவை அலைக்கழித்த காலத்தில், பாடகர் மார்வின் கே, வாட்ஸ் கோயிங் ஆன் என்னும் பாடலை உருவாக்கினார். அதற்கு ஜேமர்சனே வாசிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்த அவர், இரவில் இசை அரங்குகளில் தேடி அவரைக் கண்டுபிடித்து அழைத்துவந்தார். மதுவின் மயக்கத்தில் நிமிர்ந்து உட்கார இயலாத ஜேமர்சன், தரையில் மல்லாந்து படுத்தபடியே அப்பாடலுக்கு வாசித்தார் என்பர். அந்த இசையில் பிழையோ தடுமாற்றமோ இல்லை. ஆனால், கலையைக் காத்த கைகளால் உடலைக் காக்க இயலவில்லை என்பதை அந்நிகழ்வு அன்றே காட்டிவிட்டது.

1971இல் வெளியான அத்தொகுப்பின் உறையில் இசைக்கலைஞர்களின் பெயர்கள் இடம்பெற்றன. ஜேமர்சனின் பெயர் ஒப்பற்றவர் என்னும் பொருள்படும் அடைமொழியோடு அச்சிடப்பட்டது. பாம்புக்குழியில் அவர் வாசிக்கத் தொடங்கி அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

இடம் மாறிய இசை

1972இல் மோட்டவுன் தன் பணிகளை லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு மாற்றியது. வழக்கம்போல் வேலைக்கு வந்த கலைஞர்கள், கூடத்தின் கதவில் ஒட்டப்பட்ட அறிவிப்பைக் கண்டே அன்று ஒலிப்பதிவு இல்லை என்பதை அறிந்தனர் என்பர். எழுத்து ஒப்பந்தமும் உரிமைத்தொகையும் இல்லாத உழைப்பு எத்துணை நிலையற்றது என்பதை அத்தாள் உணர்த்தியது.

1973இல் ஜேமர்சனும் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றார். அங்கே அவர் ஒவ்வொரு வேலைக்கும் அழைப்பை எதிர்நோக்கும் தனிக்கலைஞர். பழைய தோழர்கள் அருகில் இல்லை. காலத்தின் சுவையும் மாறியிருந்தது. பளிச்சென்று ஒலிக்கும் புதிய நரம்புகளையும், எழுதிக் கொடுத்ததை மாற்றாமல் வாசிக்கும் விரல்களையும் இசைத் தயாரிப்பாளர்கள் விரும்பினர். ஜேமர்சன் தம் நரம்புகளை மாற்றவில்லை. வாசிப்பு முறையையும் மாற்றவில்லை. குடிப்பழக்கமோ அவரை மேலும் மேலும் பற்றிக்கொண்டது. குறித்த நேரத்தில் வருவார் என்ற நம்பிக்கை குறையக் குறைய, அழைப்புகளும் குறைந்தன.

1983ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், மோட்டவுன் நிறுவனத்தின் 25ஆம் ஆண்டு விழா கலிபோர்னியாவின் பசடீனா நகரில் நடைபெற்றது. தொலைக்காட்சிக்காகப் பதிவுசெய்யப்பட்ட அவ்விழாவின் மேடையில் புகழ்பெற்ற பாடகர்கள் வரிசையாகத் தோன்றினர். ஜேமர்சன் விருந்தினராக அழைக்கப்படவில்லை. தாமே விலைகொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி, மாடத்தின் பின்வரிசையில் அமர்ந்து அவ்விழாவைக் கண்டார்.

அவ்வாண்டு கோடையில் அவருடைய அன்புக்குரிய ஃபெண்டர் கிட்டார் களவுபோனது. சில நாள்களில், 1983 ஆகஸ்டு 2ஆம் நாள், கல்லீரல் நோயும் நுரையீரல் அழற்சியும் முற்றி, 47ஆம் வயதில் ஜேமர்சன் மறைந்தார். அவருடைய உடல் டெட்ராய்ட் நகரின் உட்லான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

மீண்ட பெயர்

அவர் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், ஆலன் ஸ்லட்ஸ்கி என்னும் இசைக்கலைஞர் அவருடைய வாழ்வையும் வாசிப்பையும் ஆராய்ந்து நூலாக்கினார். ஒலிப்பதிவுகளைக் கேட்டு, அவருடைய பேஸ் இசையைச் சுரம் சுரமாக எழுத்தில் வடித்தார். அந்நூலின் தொடர்ச்சியாக 2002இல் ஃபங்க் பிரதர்ஸ் குழுவைப் பற்றிய ஆவணப்படம் வெளியாயிற்று. அதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டில் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம், பிறருடைய பாடல்களுக்குத் துணைநின்று வாசித்தோர்க்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கியது. அதில் முதலில் இடம்பெற்ற ஐவருள் ஜேமர்சனும் ஒருவர். 2020இல் ரோலிங் ஸ்டோன் இதழ் வெளியிட்ட தலைசிறந்த பேஸ் கலைஞர்களின் பட்டியலில் முதற்பெயர் அவருடையதே.

மேற்கு கிராண்ட் பூல்வார் சாலையிலுள்ள அச்சிறு வீடு இன்று அருங்காட்சியகமாகக் காக்கப்படுகிறது. களவுபோன கிட்டார் இன்றுவரை கிடைக்கவில்லை. அக்கிட்டாரின் ஒலி மட்டும் யாராலும் களவாட இயலாத இடத்தில் இருக்கிறது. பேஸ் கற்கும் இளைஞர்கள் உலகெங்கும் அவருடைய சுரவரிசைகளைப் பாடமாகப் பயில்கின்றனர். மை கேர்ள் பாடலைக் கேட்கத் தொடங்கும்போது, கிட்டார் இணைவதற்கும் பாடகர் வாய் திறப்பதற்கும் முன்பாகத் தனித்து ஒலிப்பது பேஸ். பல்லாண்டுகள் பெயரின்றிக் கேட்கப்பட்ட அச்சுரங்கள் இப்போது ஜேம்ஸ் ஜேமர்சன் என்னும் பெயரோடு கேட்கப்படுகின்றன.