நேருவின் மேலங்கி: 1960-களின் ஆடவர் உடையில் ஓர் இந்தியத் தடம்

புதுதில்லி, நவ. 14: நாட்டின் முதல் பிரதமர் ஜவாஹர்லால் நேருவின் பிறந்த நாளில், பள்ளிச் சிறுவர்கள் வெள்ளைத் தொப்பியும் ரோஜா செருகிய மேலங்கியுமாக வலம் வருவது வழக்கம். அந்த மேலங்கியின் சாயல், நேருவின் மறைவுக்குப் பின் மேலைநாட்டு ஆடவரைச் சில ஆண்டுகள் ஆட்கொண்டிருந்தது.

1889-ல் அலகாபாதில் பிறந்த நேரு, ஐரோப்பிய உடையிலேயே வளர்ந்தவர். தந்தை மோதிலால் பெரும் செல்வம் ஈட்டிய வழக்கறிஞர். அக்குடும்பத்தின் துணிகள் சலவைக்காகப் பாரிஸுக்கு அனுப்பப்பட்டன என்ற கதையை நேருவே தமது சுயசரிதையில் மறுத்துள்ளார். ஆயினும் அக்கதை இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. ஹாரோ பள்ளி, கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி, லண்டனில் சட்டப் படிப்பு ஆகியவற்றை முடித்து, 1912-ல் அவர் தாயகம் திரும்பினார்.

1920-ல் தொடங்கிய ஒத்துழையாமை இயக்கம் அவ்வீட்டின் தோற்றத்தையே மாற்றியது. அந்நியத் துணிகள் தீக்கிரையாயின. தந்தையும் மகனும் கதருக்கு மாறினர். நேருவின் சிறைவாசம் மொத்தம் சுமார் 9 ஆண்டுகள். 1942-ல் மகள் இந்திரா மணநாளில் உடுத்திய புடவை, சிறையில் அவர் தம் கையால் நூற்ற நூலில் நெய்யப்பட்டது. உடை அவருக்கு அலங்காரமாக மட்டும் இருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பிரதமரான பின் அவர் பெரிதும் அணிந்தது, முழங்கால்வரை நீளும் அச்கனும் சுடிதாரும். நிமிர்ந்த கழுத்துப்பட்டை உடைய அச்கன் அவரது கண்டுபிடிப்பன்று. வட இந்திய அரசவைகளில் முன்பே வழங்கிய உடை.

1964 மே 27-ல் நேரு காலமானார். அப்போது மேலைநாடுகளில் ஆடவர் உடை வேகமாக மாறிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறக் கோட்டும் டையும் இளைஞர்களுக்குச் சலித்துவிட்டன. பாரிஸில் பியேர் கார்டின் கழுத்துப்பட்டையற்ற கோட்டுகளை வடிவமைத்தார். அவற்றை ஒத்த கோட்டுகளை பீட்டில்ஸ் இசைக்குழுவினர் 1963-ல் அணிந்தனர். லண்டனின் கார்னபி வீதிக் கடைகளில் ஆண்களுக்கும் வண்ண உடைகள் குவிந்தன.

டை கட்ட வேண்டிய தேவையே இல்லாத இந்தியக் கழுத்துப்பட்டை இச்சூழலுக்குப் பொருந்திப்போனது. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே மைதானத்தில் பீட்டில்ஸ் குழுவினர் நிமிர்ந்த கழுத்துப்பட்டை கொண்ட மேலங்கிகளில் மேடையேறினர். அன்று இந்தியாவின் சுதந்திர தினம் என்பது தற்செயலே. 1968-ல் அக்குழுவினர் ரிஷிகேஷுக்கு வந்தனர். அதே ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜானி கார்சன் 'நேரு ஜாக்கெட்' அணிந்து திரையில் தோன்ற, அதன் மவுசு உச்சத்தைத் தொட்டது. ஓரிரு ஆண்டுகளிலேயே அது மங்கியும் போனது.

எனினும் மேலைநாட்டார் எடுத்துக்கொண்டது வடிவத்தை மட்டுமே. முழங்கால் நீளம் இடுப்பளவாகக் குறைந்தது; கதர் அறவே இல்லை; கழுத்தில் பதக்கச் சங்கிலி சேர்ந்தது. நேரு வாழ்ந்திருந்தால் அவ்வுடையைத் தமது என்று அடையாளம் கண்டிருப்பாரா என்பது ஐயமே.

இந்தியக் கடைகளில் இன்று 'நேரு ஜாக்கெட்' என விற்கப்படுவதோ கையில்லாத வேறோர் உடை. அதையும் அவர் அணிந்ததுண்டு.