கடலின் அடிக்குளிரைத் தேடிய ஜார்ஜ் கிளாட்

எனக்குச் சொந்த ஊர் செஞ்சிப் பக்கம் தொண்டூர். கடல் தூரம், கிணறுதான் பக்கம். சித்திரை வெயிலில் குதித்தால் மேல்தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், ஆழத்தில் கால் சில்லிடும். இதே வித்தியாசத்தைக் கடலில் பிடித்து மின்சாரம் எடுக்கப் பார்த்தவர் ஜார்ஜ் கிளாட்.

1870-ல் பாரிஸில் பிறந்தவர். காற்றைத் திரவமாக்கும் தொழிலில் பெரும் பணம் சேர்த்தார். 1910-ல் நியான் விளக்கை உலகுக்குக் காட்டினார். சம்பாதித்ததைக் கடலில் போட்டார். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே!

மேல்மட்ட வெதுவெதுப்பான நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி டர்பைனைச் சுழற்ற வேண்டும். அந்த ஆவியை அடிக்கடல் குளிர்நீரால் குளிர்விக்க வேண்டும். வெப்ப வித்தியாசம் 20 டிகிரியாவது இருந்தால் நல்லது. கணக்கு சரிதான், குழாய்தான் வம்பு. கியூபாவின் மடான்சாஸ் கரையில் இரண்டு குழாய்கள் போச்சு. மூன்றாவது நின்றது. 1930-ல் 22 கிலோவாட் வந்தது. இயந்திரங்கள் தின்றதோ அதைவிட அதிகம். தம்பி தங்கைகளே, கடலில் எவ்வளவு வெப்பம் இருக்கிறதென்று மட்டும் பார்க்காதீர்கள். பம்புக்குப் போக மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்.

பிரேசில் கடலில் கப்பலிலிருந்து முயன்றார்; அங்கும் குழாய் காலை வாரியது. போர்க்காலத்தில் நாஜிகளுக்குத் துணைபோனார். அதை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனசில்லை. 1945-ல் சிறைத்தண்டனை, 1960-ல் மறைவு.

2003-ல் தூத்துக்குடிக் கடலிலும், நம்ம தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் 1 மெகாவாட் முயற்சி குழாயை இறக்குவதில்தான் தடுக்கியது. அதே நிறுவனம் 2005-ல் கவரத்தித் தீவில் கிளாட்டின் வெற்றிட வழியிலேயே தினம் 1 லட்சம் லிட்டர் குடிநீர் எடுத்துக் காட்டியது.