திரும்பி வராத விமானங்கள்

புள்ளியியல் படிப்போருக்கு ஆபிரகாம் வால்டு என்ற பெயர் பாடநூலின் ஏதோ ஒரு பக்கத்தில் தென்பட்டிருக்கும். அந்த மேதை உயிர் நீத்தது நமது நீலகிரி மலையில் என்பதை நான் அண்மையில்தான் அறிந்தேன்.

1902 அக்டோபர் 31இல், அன்று ஹங்கேரியின் ஆட்சியிலும் இன்று ருமேனியாவிலும் உள்ள குளூஜ் நகரில், ரொட்டி சுடும் தொழில் செய்த யூதக் குடும்பத்தில் பிறந்தார். சனிக்கிழமை அவர்களுக்குப் புனித நாள். பள்ளியோ அன்றும் உண்டு. ஆகவே வீட்டிலேயே பாடம் கற்றார். பின்னர் வியன்னா சென்று 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். யூதர் என்பதால் அங்கே பல்கலைக்கழகப் பதவி கிட்டவில்லை. 1938இல் ஆஸ்திரியா ஹிட்லர் வசமானதும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். ஊரில் இருந்த குடும்பத்தாருள் பெரும்பாலோர் நாஜிகளின் கொடுமைக்குப் பலியாயினர்.

போர்க்காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்துப் புள்ளியியல் ஆய்வுக் குழுவில் பணிபுரிந்தார். போர் விமானத்தில் எங்கே கவசம் பூட்டுவது என்பது அன்றைய கேள்வி. குண்டு துளைத்த இடங்களைத் திரும்பி வந்த விமானங்களில்தானே எண்ண முடியும்? வீழ்ந்தவை எங்கே அடிபட்டன என்று யார் சொல்வது? அவற்றையும் கணக்கில் கொணர்ந்தார் வால்டு. (இன்று பலரும் காட்டும் சிவப்புப் புள்ளி விமானப் படம் அவர் வரைந்ததன்று.)

1943இல் அவர் எழுதிய குறிப்பில் ஒரு மாதிரிக் கணக்கு உண்டு. 400 விமானங்கள் சென்று 380 திரும்பின. 320இல் அடியே இல்லை, 32இல் ஓர் அடி, 20இல் இரண்டு, 4இல் மூன்று, 2இல் நான்கு, 2இல் ஐந்து. ஓர் அடியைத் தாங்கும் வாய்ப்பை 'க' என்போம். ஒவ்வோர் எண்ணையும் அதற்குரிய 'க'வின் அடுக்கால் வகுத்துக் கூட்டினால், வீழ்ந்த 20ஐயும் சேர்த்து அடிபட்ட 80 விமானங்கள் வரவேண்டும். நானும் போட்டுப் பார்த்தேன், 'க' 0.851 என வந்தது. அதாவது ஓர் அடி வீழ்த்தும் வாய்ப்பு நூற்றுக்கு 15. எல்லா அடியும் சம ஆபத்துடையவை அல்ல என்றால்? அப்போது உண்மை எந்த எல்லைகளுக்குள் அடங்கும் என்பதையும் வகுத்தார். எனக்குப் பெரிதாகப்படுவது இந்த எச்சரிக்கைதான்.

அதே ஆண்டில் வாலிஸ், ஃபிரீட்மன் இருவரும் அவரிடம் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தனர்: விடை முன்பே தெளிவாகிவிட்டால், குறித்த எண்ணிக்கை முடியும்வரை ஏன் சோதிக்க வேண்டும்? முதலில் தயங்கியவர் ஓரிரு நாளில் வழி கண்டார். நல்ல சரக்கைத் தள்ளுவது, கெட்ட சரக்கை ஏற்பது என்ற இரு பிழைகளுக்கும் நூற்றுக்கு 5 என்று முதலிலேயே வரம்பு வைப்போம். ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும், கெட்ட சரக்காக இருந்தால் இம்முடிவுகள் வருவதற்கான வாய்ப்பு, நல்ல சரக்காக இருந்தால் வருவதைப்போல் எத்தனை மடங்கு என்று பார்க்கிறோம். 19 மடங்கானால் தள்ளு. 19இல் ஒரு பங்கானால் ஏற்றுக்கொள். இடையில் நின்றால் இன்னொன்றைச் சோதி. எங்கு நின்றாலும் இரு பிழைகளின் வாய்ப்பும் சேர்ந்து நூற்றுக்கு 10ஐத் தாண்டாது. சோதிக்கும் எண்ணிக்கையோ பெரும்பாலும் பாதியாகக் குறையும். போர்க்காலத்தில் இம்முறை இரகசியமாக வைக்கப்பட்டிருந்தது, 1947இல் நூலாயிற்று. புதிய மருந்துகளைச் சோதிப்போரும் இம்முறையின் வழிவந்தவற்றைக் கையாளுகின்றனர்.

1950இல் வெளிவந்த அடுத்த நூலில், இயற்கையை எதிராட்டக்காரராக வைத்து, மிகக் கெட்ட நிலையிலும் இழப்பு மிகாதபடி முடிவெடுக்கும் முறையை விரித்தார். அவ்வாண்டின் இறுதியில் நம் அரசின் அழைப்பை ஏற்றுச் சொற்பொழிவாற்ற மனைவியுடன் இந்தியா வந்தார். டிசம்பர் 13இல் அவர்கள் சென்ற ஏர் இந்தியா விமானம் நீலகிரியில் மோதியது. இருவரும் மாண்டனர். அப்போது அவருக்கு வயது 48. மகன் ராபர்ட்டுக்கு வயது மூன்று; அவர் பின்னாளில் சிகாகோவில் இயற்பியல் பேராசிரியரானார்.