வில்லியம் லாம்டன்

வில்லியம் லாம்டன் (இறப்பு: சனவரி 20, 1823) பிரித்தானியப் படை அதிகாரியும் நில அளவையாளரும் ஆவார். இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவையைத் தொடங்கியவர் இவரே.

வாழ்க்கை

இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தார். 1799 இல் நடந்த சீரங்கப்பட்டணப் போரில் பங்கேற்றார். அதன் பின்னர், தென்னிந்தியாவின் குறுக்கே துல்லியமான அளவை நடத்தும் திட்டத்தை முன்வைத்து அரசின் ஒப்புதலைப் பெற்றார்.

அடிக்கோடு

முக்கோண அளவையில் ஒரு பக்கத்தின் நீளம் மட்டும் தரையில் அளக்கப்படும். மற்றவை கோணங்களைக் கொண்டு கணக்கிடப்படும். ஆகவே முதற்கோட்டில் நேரும் பிழை எல்லா முக்கோணங்களுக்கும் பரவும். இக்கோட்டை லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைக்குத் தெற்கே அளக்கத் தொடங்கினார். பரங்கிமலைக்கு அருகிலிருந்து பெரும்பாக்கம் குன்றுப் பகுதி வரை, இன்றைய தாம்பரத்துக்குக் கிழக்கிலுள்ள சமவெளியில், அது ஏறத்தாழ 12 கி.மீ. நீண்டது. 100 அடி எஃகுச் சங்கிலி சுமார் 400 தடவை இடப்பட்டது. சங்கிலி தொய்யாதிருக்க, முக்காலிகள் தாங்கிய மரப்பெட்டிகளில் வைக்கப்பட்டது. முக்காலிகளின் உயரத்தைத் திருகுகள் சிறிது சிறிதாகச் சீர்செய்தன. வெப்பத்தில் எஃகு நீளும் என்பதால் வெப்பநிலையும் குறிக்கப்பட்டது.

தஞ்சாவூர் விபத்து

கோணங்களை அளக்க லாம்டன் பயன்படுத்திய பெரிய தியோடலைட்டுக் கருவி சுமார் அரை டன் எடையுடையது. 1808 இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் மீது அதனை ஏற்றியபோது, இழுத்துப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோண அளவுகள் பொறித்த அதன் வட்டம் நெளிந்தது. அதற்கு மாற்றுக் கருவி இலண்டனிலிருந்தே வரவேண்டியிருந்தது.

லாம்டன் தாமே பழுதுபார்த்தார். தட்டையான பலகையில் வட்டத்தின் சரியான அளவை வெட்டினார். பின்னர் ஆப்பு, திருகு, கப்பி ஆகிய எளிய எந்திரங்களால் நெளிந்த விளிம்பை அந்த அளவுக்கு இழுத்துப் பொருத்தினார். ஆப்பு, தன்மேல் விழும் அடியைப் பக்கவாட்டு விசையாக மாற்றுகிறது. திருகு, ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு புரியிடை அளவே நகர்வதால், சிறு முயற்சியால் பெருவிசையையும் நுண்ணிய நகர்வையும் தருகிறது. கப்பி இழுவிசையின் திசையை மாற்றுகிறது. ஆறு வாரங்களில் வட்டம் ஏறக்குறைய பழைய வடிவத்தை அடைந்தது.

இறுதிக்காலம்

1818 இல் ஜார்ஜ் எவரெஸ்ட் இவருடைய உதவியாளரானார். மத்திய இந்தியாவில் அளவைப் பணியில் இருந்தபோது லாம்டன் இங்கன்காட்டில் காலமானார். அவருக்குப் பின் எவரெஸ்ட்டு, பழுதுபார்க்கப்பட்ட அதே கருவியைக் கொண்டு வடக்கு நோக்கிப் பணியைத் தொடர்ந்தார்.